லில்லி புஷ்பத்துக்கு நான் போட்ட மார்க்

ஜூன் 3, 2024, திங்கள்

புதிய பேட்ச் இன்று தொடங்கியது. பதினோரு பேர், எல்லோரும் நர்சுகள். எல்லோருக்கும் வெளிநாடு போக வேண்டும். அதற்கு ஆங்கிலப் பரீட்சையில் பி கிரேடு வேண்டும். அதுவும் இரண்டே மாதத்தில் வேண்டும்.

எங்கள் கோச்சிங் சென்டர் வடசேரியில் ஒரு கோழிக்கடையின் மாடியில் இருக்கிறது. கடைக்காரர் காலை எட்டு மணிக்கே வெந்நீர் டிரம்மைத் திறந்துவிடுவார். நனைந்த இறகு வேகும் நாற்றம் படியேறி வந்து, வகுப்பறைத் திரைச்சீலையில் தங்கி, மாலையில் என் சட்டையோடு வீட்டுக்கும் வருகிறது. அதை மறைக்க பெல்வின் ரூம் ஸ்பிரே அடிக்கிறான். ரோஜாவும் கோழி இறகும் சேர்ந்தால் எப்படி மணக்கும் என்பதை நாகர்கோவிலில் என்னைவிட அறிந்தவர் கிடையாது.

பெல்வின்தான் முதலாளி. நான் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தபோது என் மாணவன். ஆங்கிலத்தில் மட்டும் மூன்று அரியர் வைத்தவன். இப்போது சுவரில் 'நூறு சதவீத வெற்றி' என்று எழுதி வைத்திருக்கிறான். அந்தச் சுவருக்கு முன்னால் நின்று நான் பாடம் நடத்துகிறேன்.

இன்று பிரசன்ட் கன்டினியுவஸ். ஒவ்வொருவரையும் தன்னைப் பற்றிப் பேசச் சொன்னேன். 'ஐ ஆம் ஹேவிங் ஒன் பாய் பேபி.' 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் கருங்கல்.' 'ஐ ஆம் லவிங் மை ஃபேமிலி.' எனக்குப் பல் கூசியது. முன்வரிசையில் ஜன்னல் ஓரம் இருந்தவள் பெயர் லில்லி புஷ்பம், திங்கள்சந்தைக்காரி, முப்பத்து நாலு வயது. அவள் எழுந்து, 'ஐ ஆம் நாட் நோயிங் கிராமர் சார், பட் ஐ ஆம் வான்டிங்' என்றாள்.

ஹேவ், நோ, வான்ட், லவ் இதற்கெல்லாம் ஐஎன்ஜி போடக்கூடாது என்றேன். அவை நடந்துகொண்டிருக்கும் வேலை அல்ல, நிலை.

"தெரிஞ்சுகிட்டிருக்க ஒரு நேரம் உண்டும்லா சாரே. பாதி தெரிஞ்சு, மீதி தெரிய முந்தி. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு நேரம் இங்கிலீஷில் கிடையாது என்றேன். ஒரு நல்ல கேள்வியை அடிப்பதற்கு ஐந்து வார்த்தை போதும்.

ஜூன் 5, புதன்

இந்த ஞாயிற்றுக்கிழமையும் என் மனைவி மேபல் கூப்பிடவில்லை. அயர்லாந்தில் அவளுக்கு டூட்டியாக இருக்கும். மத்தியானம் சோற்றில் முடி கிடந்தது. இந்த வீட்டில் வேறு யார் முடி இருக்கப்போகிறது, என்னுடையதுதான். இருந்தும் சாப்பிட முடியவில்லை.

ஜூன் 10, திங்கள்

பாஸ்ட் கன்டினியுவஸ். நீளமாக ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது குறுக்கே சட்டென்று வேறொன்று நடப்பதைச் சொல்லும் வாக்கியம். எல்லோரையும் ஒவ்வொன்று சொல்லச் சொன்னேன். கரண்ட் போனது, பால் பொங்கியது, மாமியார் வந்தது என்று அரைமணி நேரம் போனது. லில்லியின் முறை வந்தது.

'ஐ வாஸ் ஹோல்டிங் ஹர் ஹேண்ட் வென் ஷீ டைட்.'

பிழை இல்லாத வாக்கியம். பலகையில் எழுதி, கையைப் பிடித்திருந்தது நீளமான வேலை, செத்தது குறுக்கே வந்த வேலை என்று இரண்டுக்கும் அடியில் கோடு போட்டுக் காட்டினேன். பின்வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "ஹர்னு சொன்னா யாருன்னு தெரியாது. பேஷன்ட்டுன்னு முதல்லயே சொல்லணும்" என்றேன்.

"பேஷன்ட் இல்ல சாரே. எனக்க அம்மை."

இடைவேளை விட்டேன். வகுப்புக்குள் குடும்பக் கதையைக் கொண்டுவருவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

மத்தியானம் ரோல் பிளே. நான் நோயாளி, அவள் நர்ஸ். நான் நடிக்க வேண்டியதாக அட்டையில் எழுதியிருப்பது தலைவலி. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறதே மிஸ்டர் ஹெர்பர்ட் என்று என் சொந்தப் பெயரைச் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டாள். அது அட்டையில் இல்லை. அட்டையை விட்டு விலகியதற்காக மார்க் குறைத்தேன்.

வீட்டுக்கு வந்தும் மணிக்கட்டில் டெட்டால் சோப்பின் வாசம் இருந்தது. கழுவ மறந்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

மத்தியானம் படுத்திருந்தபோது கேட்டைத் தட்டும் சத்தம். தோளில் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் நின்றான்.

"லில்லிக்க வீட்டுக்காரன் சாரே. டென்னிசன். இந்தச் சக்கை நம்ம மரத்துல உள்ளதாக்கும். நல்ல வருக்கை."

உட்காரச் சொல்லவில்லை. உட்கார்ந்தான். ஹாலோபிளாக் கல் செய்கிறவன். நகத்துக்குள் எல்லாம் சிமென்ட். பேசும்போதே ஒரு காலைத் தூக்கி மறு தொடையில் வைத்துக் குதிகால் வெடிப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிய்த்ததை என் தரையில் போட்டான்.

"அவ நல்லா படிக்குகாளா சாரே?"

"சுமாரா படிக்கிறாங்க" என்றேன். நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். யாரையும் புகழும் பழக்கம் எனக்கில்லை.

"அந்த சுமாரைக் கொஞ்சம் கீழ எறக்கிச் சொன்னா போதும். உனக்கு இது ஒத்து வராது பிள்ளேன்னு ஒரு வார்த்தை. நான் சொன்னா வீட்டுல சண்டை வரும். நீங்க சொன்னா கேப்பா. எப்பம் பாத்தாலும் சாரு சொன்னாரு, சாரு சொன்னாருன்னுதான்."

"எதுக்கு நான் அப்படிச் சொல்லணும்?"

"மோளுக்கு ஆறு வயசு. இவ போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் சாரே. முதல்ல தினமும் போன்ல விளிப்பா. பின்ன ஞாயிற்றுக்கிழமை விளிப்பா. பின்ன..." நிறுத்திவிட்டு என் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். கொடியில் கிடந்த ஒற்றைத் துண்டையும், கழுவாத ஒற்றைத் தட்டையும். "உங்களுக்குத் தெரியாததா."

எழுந்து வெளியே போ என்றேன். அப்படிச் சொன்னதாகத்தான் நினைவு. யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கவும் கூடும்.

சக்கையை எடுத்துப்போகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

சக்கையின் பாதியைத் தின்றுவிட்டேன். இரண்டு நாளாக வயிறு சரியில்லை. மீதியில் எறும்பு. கத்தியிலும் கையிலும் பிசின். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஜூன் 24, திங்கள்

பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். முன்பே தொடங்கி இன்னும் முடியாத வேலை. நோயாளியிடம் 'எத்தனை நாளாக வலித்துக்கொண்டிருக்கிறது' என்று கேட்க இது தெரியாமல் முடியாது. ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகச் சொன்னேன். லில்லியின் ஜோடி இன்று வரவில்லை, அதனால் அவள் என்னைக் கேட்டாள்.

'ஹௌ லாங் ஹேவ் யூ பீன் லிவிங் அலோன், சார்?'

 கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. முகம் மாறியது. நான் ஆறு வருடம் என்று முழு வாக்கியமாகப் பதில் சொன்னேன். பிறகு 'லிவிங்' என்பதில் அவள் உச்சரிப்பு சரியில்லை என்று ஏழு முறை சொல்ல வைத்தேன். ஏழாவது முறையும் முதல் முறையைப் போலத்தான் இருந்தது. முதல் முறையிலேயே தப்பு எதுவும் இருந்ததா என்று எனக்கு நிச்சயமில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மேபல் கூப்பிட்டாள். ஐந்து வாரம் கழித்து. அவள் பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன். நன்றி கெட்டவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கட்டும்.

இனி ஊருக்கு வரப்போவதில்லை என்றாள். தம்பி கையில் விவாகரத்துப் பேப்பர் கொடுத்துவிடுகிறாள், நான் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினாள். நடுவில் ஒரு பிரெபோசிஷன் தப்பாக வந்தது, நான் சரியானதைச் சொன்னேன். வேண்டுமென்று சொல்லவில்லை. வாய்க்குப் பழகிவிட்டது.

 அதற்கு அவள் கேட்டாள். "கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து நீங்க திருத்தாத ஒரு வாக்கியம் நான் பேசினது உண்டுமா?"

உண்டு என்றேன்.

"ஒண்ணு சொல்லுங்க."

லைன் சரியில்லை, கேட்கவில்லை என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அவளுக்குப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பி கிரேடு வாங்கித் தந்தவன் நான். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

மாதிரிப் பேச்சுத் தேர்வு. ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும், நான் அட்டையில் உள்ள பாத்திரமாகப் பேசுவேன், பெல்வின் வைத்த ரெக்கார்டர் ஓடும். லில்லிக்கு விழுந்த அட்டை: காலையிலிருந்து காத்திருக்கும் நோயாளியின் மகள் கோபமாகச் சத்தம் போடுகிறாள், நர்ஸ் அவளைச் சமாதானப்படுத்த வேண்டும். மகளாக நான் பேசினேன். மற்றவர்களுக்குப் பேசியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டேன். தேர்வு என்றால் கடினமாகத்தான் இருக்கும்.

லில்லிக்கு சி போட்டேன்.

உச்சரிப்பு சரியில்லை. சில இடத்தில் தயக்கம். பதினோரு பேரில் ஏழு பேருக்கு பி. அவர்களில் இரண்டு பேர் இன்னும் 'ஐ ஆம் ஹேவிங்' என்கிறார்கள், ஆனால் அது வேறு விஷயம்.

தாளை வெகுநேரம் பார்த்தாள். "எதுல போச்சு சாரே?"

"மொத்தத்துல."

"திருத்தினா சரியாவுமா?"

"உங்களுக்கு இது ஒத்து வராதுன்னு தோணுது" என்றேன். அந்த வார்த்தை எங்கிருந்து வாயில் வந்தது என்று தெரியவில்லை. இதற்கும் அந்தக் கல்லுக்காரன் வந்ததற்கும் சம்பந்தம் கிடையாது. தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

ஜூலை 6, சனி

மழை. சுவரில் பூஞ்சை. மேபலின் தம்பி கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. கவரைப் பிரிக்கவில்லை.

ஜூலை 13, சனி

வகுப்பு முடிந்ததும் லில்லி வந்து நின்றாள். இனி வரமாட்டாளாம்.

"இருபத்தேழாம் தேதிப் பரீட்சையை வேண்டாம்னு வச்சுட்டேன் சாரே. ஆகஸ்டுக்குள்ள ரிசல்ட் வேணும்னு ஏஜென்சிக்காரங்க சொல்லியிருந்தாவ. வேற ஆளைப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டேன்." புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். "புதுசா வாறவளுவ யாருக்காவது கொடுங்க. ஒண்ணும் வீணில்ல சாரே. ஒருபாடு விஷயம் படிச்சேன்."

எனக்கு நன்றி சொன்னாள். நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் டென்னிசன் போன் செய்தான். "சாரு செய்த உபகாரம் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். நாளைக்குத் தேங்காய் கொண்டு வாறேன்."

நான் எதுவும் செய்யவில்லை, அது அவள் வாங்கிய மார்க் என்றேன். அவன் சிரித்தான். கூட்டுக்காரனைப் பார்த்துக் கூட்டுக்காரன் சிரிக்கிற சிரிப்பு. போனை வைத்த பிறகும் காதுக்குள் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது போல இருந்தது. துண்டால் துடைத்தேன்.

ஜூலை 17, புதன்

குளித்தேன். மறுபடியும் குளித்தேன்.

ஜூலை 22, திங்கள்

அடுத்த பேட்சுக்குப் போட்டுக்காட்ட நல்லதாக ஒரு மாதிரிப் பேச்சு வேண்டும் என்று பெல்வின் ரெக்கார்டிங் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். என்னை அறைக்குள் கூப்பிட்டான்.

"இதுதான் சார் பெஸ்ட். இதுக்குப் போய் சி போட்டிருக்கீங்க. எழுதும்போது கை தவறிச்சா?"

ஓடவிட்டான். முதலில் என் குரல். நாய் குரைப்பது போலிருந்தது. பிறகு லில்லியின் குரல், அவசரமே இல்லாமல். நீங்கள் காலையிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. இப்போது உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்லுங்கள். நான் மேலும் குரைக்கிறேன். அவள் காத்திருக்கிறாள். நான் தயக்கம் என்று எழுதியது இதைத்தான். எதிரில் உள்ள ஆள் பேசி முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்ததை. ஐந்து நிமிடத்தில் ஒரு பிழை இல்லை. நான் தேடினேன். இப்போதும் தேடினேன்.

ரெக்கார்டரை அன்று யாரும் அணைக்கவில்லை. 'திருத்தினா சரியாவுமா' வந்தது. என் பதிலும் வந்தது.

பெல்வின் நிறுத்தினான். என்னைப் பார்க்கவில்லை. "அவங்க வீட்டுக்காரர் உங்களைப் பாக்க வந்தாரா?"

மேஜைமேல் கிடந்த தாள்களை நேராக அடுக்கினேன்.

"என்கிட்டயும் வந்தாரு. ஒரு சக்கையும் தூக்கிக்கிட்டு. தேறாத மாதிரி பண்ணிருங்கன்னு சொன்னாரு. அவரே எடுத்துட்டுப் போகட்டும்னு படியில வச்சுட்டுக் கதவை அடைச்சேன்."

மூன்று அரியர் வைத்தவன் சக்கையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன். கோழி நாற்றம் என்று சொன்னேன். பெல்வின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதையும் வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 24, புதன்

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண்கள் வார்டில், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு மனிதரின் முதுகுப் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். புண் உள்ளங்கை அகலம். வாசலில் நின்ற நான் கைக்குட்டையை மூக்கில் வைத்தேன். அவள் அந்த ஆளிடம் ஏதோ பேசி, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "அங்க நிக்காதீங்க சாரே, வெளிய பெஞ்சுல இருங்க. முடிச்சுட்டு வாறேன்" என்றாள்.

இருபது நிமிடம் கழித்துக் கை கழுவிவிட்டு வந்தாள். அந்த இருபது நிமிடமும் என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். தமிழில் யோசிக்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் தமிழில்தான் சொன்னேன். உங்கள் கணவர் வந்தார், கேட்டார், நான் செய்தேன். உங்களுக்கு வரவேண்டியது பி இல்லை, ஏ.

 கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

"மரத்துல ரெண்டு சக்கையைக் காணல்ல. எங்க போச்சுன்னு அன்னைக்கே தெரியும் சாரே. அவரு கேப்பாரு, நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு இருந்தேன். அதனாலதான் அந்த சி எனக்குள்ளதுன்னு நம்பினேன். அன்னையில இருந்து பேஷன்ட் கிட்ட தமிழ்ல பேசவே எனக்கு நாக்கு தட்டுது."

மன்னிக்க வேண்டும் என்றேன்.

"அது எதுக்கு. ஒரு காரியம் செய்யுங்க. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க. இப்பம் சொன்னதை அவரு முன்னால சொல்லணும். நான் சொன்னா எனக்குப் பேராசைம்பாரு."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்து வார்டுக்குள் போய்விட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

போனேன்.

டென்னிசன் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தான். தேங்காய் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்தான். நாற்காலி எடுத்துப் போட்டான். மகள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தது. லில்லி குழந்தையை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவருகே நின்றாள். உடைகூட மாற்றாமல், கோயிலுக்குப் போன சேலையிலேயே.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். பிறகு லில்லியைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான். எச்சில் என் கன்னத்தில் தெறித்தது.

"நாக்குக்கு நரம்பு கிடையாதா ஓய்? அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. பொண்டாட்டி விட்டுட்டுப் போனவனுக்கு அடுத்தவன் குடும்பமும் நாசமாப் போகணும். அப்படித்தானே?"

லில்லி குரலை உயர்த்தவே இல்லை. "அவருக்க வீட்டுக்காரி பரீட்சை எழுதினதாலயா போனாவ? அதை அவருகிட்டயே கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. சொன்னதைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போயிருந்தேன்.

"இல்ல" என்றேன். "பரீட்சை எழுதினதால இல்ல. நான் அவளைப் பேச விடல்ல. வாயைத் திறந்தா தப்புன்னு சொன்னேன். ஆளுங்க முன்னாலயும் சொன்னேன். இங்க இருந்திருந்தாலும் போயிருப்பா."

டென்னிசன் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றான். பிறகு வெளியே போய், முற்றத்தில் அடுக்கியிருந்த ஹாலோபிளாக் கல்மேல் உட்கார்ந்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து உள்ளே வரவில்லை.

லில்லி என்னிடம், "இனி கிளாசுக்கு வரமாட்டேன் சாரே. நானே படிச்சுக்கிடுவேன்" என்றாள். சரி என்றேன். காப்பி தரவில்லை. தந்திருந்தால் குடித்திருப்பேன், அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

பெல்வின் ரெக்கார்டிங் எல்லாவற்றையும் லில்லிக்கு அனுப்பியிருக்கிறான். தினமும் டூட்டி முடிந்ததும் போனில் அவனே நோயாளியாகப் பேசுகிறானாம். இன்று கொஞ்சம் கேட்டேன். 'மை ஸ்டொமக் இஸ் பெய்னிங் சின்ஸ் த்ரீ டேஸ்' என்கிறான். மறுமுனையில் அவள் பொறுமையாக, 'ஹேஸ் பீன் ஹர்ட்டிங் ஃபார் த்ரீ டேஸ்' என்று தான் கேட்கும் கேள்விக்குள்ளேயே சரியாக வைத்துக் கேட்கிறாள். தப்பு என்று சொல்லவில்லை. அவனும் அடுத்த தடவை சரியாகச் சொன்னான்.

இருபது வருடமாக நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ரிசல்ட் வந்தது. லில்லிக்கு மூன்றில் பி, பேச்சில் ஏ. பழைய ஏஜென்சி கையை விரித்துவிட்டது. வேறு ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறாளாம். இங்கிலாந்துக்கு.

செப்டம்பர் 21, சனி

கோழிக்கடைக்கு மேலே பெல்வின் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறான். லில்லியின் முகம், பெரிய ஏ, அதன் கீழே 'பயிற்சி: பேராசிரியர் ஹெர்பர்ட்'. எடுக்கச் சொன்னேன். "அடிச்சாச்சு சார், இனி என்ன செய்ய" என்றான். நான் பேராசிரியராக ஒருநாளும் இருந்ததில்லை.

கோழிக்கடைக்காரரிடம் ஸ்டூல் கேட்டேன். அவரே பிடித்துக்கொண்டார். அவர் கையில் ரத்தம், ஸ்டூலில் இறகு. ஏறி நின்று பிளேடால் என் பெயரை அறுத்தேன். நேராக வரவில்லை, லில்லியின் தோளும் கொஞ்சம் சேர்ந்து கிழிந்தது. கீழே பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சாரே, பேரு தப்பா அடிச்சுட்டானா?" என்றார் கடைக்காரர்.

ஆமாம் என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

கவரைப் பிரித்தேன். மூன்று இடத்தில் கையெழுத்து. போட்டேன். கூடவே மேபலுக்கு ஒரு கடிதம் எழுதினேன், தமிழில். நாலு தடவை எழுதிக் கிழித்தேன், ஐந்தாவதில் நாலு வரி வந்தது. தபால் ஆபீசில் பசையில் யாரோ தலைமுடியை விட்டிருந்தார்கள். அந்தப் பசையைத் தொட்டே ஒட்டினேன்.

அக்டோபர் 30, புதன்

மேபலிடமிருந்து குறுஞ்செய்தி: 'கிடைச்சுது. சாப்பிடுங்க.'

பிப்ரவரி 10, 2025, திங்கள்

லில்லி சனிக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினாள். பெல்வின் வழியனுப்பப் போய் வந்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எந்த முகத்தோடு போயிருப்பேன்.

பிப்ரவரி 24, திங்கள்

புதிய பேட்ச். ஒன்பது நர்சுகள், பத்தாவதாகக் கடைசி வரிசையில் டென்னிசன்.

முதலில் என் கண்ணை நம்பவில்லை. பெஞ்சுக்கும் அவன் முழங்காலுக்கும் இடமில்லாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். புது நோட்டு, காதில் பேனா. அந்தச் சிமென்ட் நகங்கள். அறை முழுக்க வியர்வை. பெல்வினிடம் போய், இந்த ஆளுக்கு என்னால் முடியாது என்றேன். "வேற டீச்சர் இல்ல சார். அவரும் உங்களை வேண்டாம்னுதான் சொன்னாரு" என்றான்.

அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னேன். ஒன்பது பேரும் பேசினார்கள். கடைசியில் டென்னிசன் எழுந்தான்.

'மை நேம் டென்னிசன்.' அப்புறம் ஒன்றும் வரவில்லை. 'மை வொய்ஃப்' என்றான். நின்றது. தோள் துண்டால் கழுத்தைத் துடைத்தான். முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எடுத்துக்கொடுக்க எனக்கு நாக்கு துடித்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிடம் போனது.

'மை வொய்ஃப் இஸ் வொர்க்கிங் இங்கிலாந்து' என்று சொல்லிவிட்டு, கல் சுமந்து இறக்கி வைத்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மேஜையருகே வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"விசா எடுத்து விடுகேன்னு அவ சொல்லுகா. எனக்கும் மோளுக்கும். அங்க கட்டட வேலை உண்டாம், ஆனா பேசத் தெரியணுமாம். உங்க மூஞ்சியைப் பாக்க எனக்கு விருப்பமில்ல சாரே. அதை முதல்ல சொல்லிருகேன்."

"எனக்கும் இல்ல."

"ஒண்ணு மட்டும் கேக்கேன். உள்ளதைச் சொல்லணும். எனக்கு இது வருமா?"

அவன் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். இந்த வயதில், இந்த நாக்கை வைத்துக்கொண்டு, ஒரு வினைச்சொல்லைச் சரியாகப் பிடித்து நிறுத்துவதற்கே எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு வேண்டியதைச் சொல்லலாம். என் கோபத்துக்கு வேண்டியதையும் சொல்லலாம்.

"கஷ்டம்தான்" என்றேன். "ரெண்டு மாசத்துல வராது. அந்தச் சுவர்ல எழுதியிருக்கதை நம்பாதீங்க. ஒரு வருஷம் ஆகும். தினமும் வந்தா வரும்."

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்."

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நோட்டைப் பிரித்து, பலகையில் இருந்ததை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. நான் பலகையை அழிக்காமல் காத்திருந்தேன். கீழே கடைக்காரர் தரையைக் கழுவிவிடும் தண்ணீர்ச் சத்தம். வெக்கையும் நாற்றமுமாகத் தாங்க முடியவில்லை.

எழுதி முடித்துவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

ஒன்பது என்றேன். கல் செய்கிற ஆள், விடியுமுன் எழுந்து பழக்கம். எட்டரைக்கே வந்து படியில் நிற்பார். சாவி என்னிடம்தான் இருக்கிறது. எட்டேகாலுக்குப் போய்த் திறக்க வேண்டும்.